கால் எரிகிறது, நரம்புச் சோதனையில் ஒன்றுமில்லை: தோல் பயொப்சி பற்றி வாசகர் கேள்விகள்

பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது, எந்த ரிப்போர்ட்டிலும் ஒன்றும் தெரியவில்லை, இப்போது தோலில் ஒரு துண்டு எடுக்கச் சொல்கிறார்கள் என்று பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயம் என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: எனக்கு 52 வயது, மலையில் கொழுந்து பறிக்கிறேன். ஒரு வருடமாக இரவானால் இரண்டு உள்ளங்காலும் நெருப்பாக எரிகிறது. கம்பளி பட்டாலே வலிக்கிறது. கண்டியில் கரண்ட் வைத்து நரம்பைச் சோதித்தார்கள், எல்லாம் சரி என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் வேலைக்குப் போகாமலிருக்கச் சாட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். வருத்தம் நரம்பில் என்றால் தோலை ஏன் வெட்ட வேண்டும்?
வாசகி, தலவாக்கலை

அம்மா, சோதனையும் சரி, உங்கள் எரிவும் உண்மை. அந்தச் சோதனை பார்த்த நரம்பிழைகள் வேறு, உங்களுக்கு எரிவைத் தரும் இழைகள் வேறு.

காலுக்கு வரும் நரம்புக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் கலந்தே ஓடுகின்றன. தடித்தவற்றைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை உண்டு. தசையை அசைப்பதும், தொடுகையையும் அதிர்வையும் அறிவதும், கண்ணை மூடியிருந்தாலும் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவதும் இவற்றால்தான். இவற்றில் செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேகத்தில் போகும். சூடு, குளிர், வலி, அரிப்பு ஆகியவற்றைக் கொண்டுசெல்வதும், வியர்க்க வைப்பதும், தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி விரிப்பதும் மெல்லிய இழைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உறையே கிடையாது. தடிப்பு ஒரு மைக்ரோமீற்றர் அளவு, வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவு. தோலுக்கு மேலே மின்வாய் ஒட்டிச் செய்யும் சோதனையில் தடித்த இழைகளின் சைகை மட்டுமே பதிவாகும். மெல்லிய இழைகள் பாதியாகக் குறைந்திருந்தாலும் அதன் கோடு அழகாகவே வரும்.

தேயிலைச் செடியில் சல்லிவேர் நுனியிலிருந்து கருகும்போது தண்டைச் சுரண்டிப் பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும். மெல்லிய நரம்பும் பெரும்பாலும் நுனியிலிருந்துதான் அழியத் தொடங்குகிறது. அந்த நுனி முடிகிற இடம் மேல்தோல். அதனால்தான் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதில் எத்தனை நரம்பு நுனிகள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். 1990களில் அமெரிக்காவில் மினசோட்டா, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இந்த எண்ணும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள்.

துண்டு எடுக்கும் முன் டொக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. பத்து நிமிட வேலைதான். பெருவிரலில் இசைக்கவை வைத்தால் அதிர்வு தெரிகிறது, குதிக்கால் நாரில் தட்டினால் பாதம் துள்ளுகிறது, விரல்களில் பலம் இருக்கிறது. ஆனால் ஊசிமுனை மொட்டையாகப்படுகிறது, குளிர்ந்த உலோகம் குளிரவில்லை. இப்படி இருந்தால் கோளாறு மெல்லிய இழைகளில் என்ற சந்தேகம் வலுவாகிறது. பயொப்சி அந்தச் சந்தேகத்தை உறுதிசெய்யத்தான். பத்துப் பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவருக்கு இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிந்தால் காரணம் வெளிப்படை. அவருக்குப் பெரும்பாலும் தோலை எடுக்கத் தேவையில்லை. சோதனை சுகமாக வந்து, காரணம் புரியாமல், சொல்வதை யாரும் நம்பாத உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

இனிமேல் கரண்ட் சோதனைக்குப் போகவிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிர்ந்த காலில் நரம்பின் வேகம் குறைவாகக் காட்டும். நுவரெலியாக் குளிரில் விடியற்காலை பஸ் ஏறி, வந்து இறங்கியதும் மேசையில் படுத்தால், இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வந்துவிடக்கூடும். காலின் தோல் வெப்பம் 32 பாகை செல்சியஸ் அளவுக்கு வரும்வரை கம்பளி சுற்றிச் சூடாக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எந்த இடத்தில் வெட்டுவார்கள்? எவ்வளவு பெரிய துண்டு? மயக்க மருந்து, தையல் எல்லாம் உண்டா?
வாசகர், பண்டாரவளை

முழு மயக்கமும் இல்லை, வார்டில் தங்கவும் வேண்டாம். கிளினிக் அறையிலேயே அரை மணிக்குள் முடியும்.

வழக்கமான இடங்கள் இரண்டு. ஒன்று, கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முனையிலிருந்து 10 சென்ரிமீற்றர் மேலே. மற்றது தொடையின் வெளிப்பக்கம், இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து 20 சென்ரிமீற்றர் கீழே. கண்ணால் மட்டிட்டு எடுக்கக் கூடாது, அளவுநாடாவால் அளந்து குறியிட வேண்டும். காலில் மேலே போகப் போக நரம்பின் அடர்த்தி கூடும். 10 சென்ரிமீற்றரில் எடுக்கவேண்டியதை 15இல் எடுத்துவிட்டு, 10க்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டால் பதில் பிழைக்கும்.

இடத்தைச் சுத்தம் செய்து, லிக்னோகெயின் ஊசியைத் தோலுக்குள் போடுவார்கள். அந்த ஊசி சுரீரென்று எரியும். வலி என்று சொல்ல இருப்பது அதுதான். விறைத்த பிறகு, 3 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள வட்டக் கத்தியை நேராக வைத்துச் சுழற்றி அழுத்துவார்கள். அது 3 முதல் 4 மில்லிமீற்றர் ஆழம் இறங்கும். அடுத்த கட்டத்தில்தான் அனுபவமில்லாத கை பிழைவிடுகிறது. துண்டை இடுக்கியால் நடுவில் கவ்வி இழுத்தால் மேல்தோல் நசுங்கிவிடும். நசுங்கிய மேல்தோலில் நரம்பை எண்ண முடியாது. ஊசிமுனையால் மெதுவாகத் தூக்கி, அல்லது ஓரத்தை மட்டும் பிடித்து, அடியைக் கத்தரியால் நறுக்கி, அப்படியே திரவமுள்ள போத்தலில் போட வேண்டும். கணுக்காலுக்கு ஒரு போத்தல், தொடைக்கு வேறு போத்தல். இரண்டிலும் இடத்தின் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு அறையை விட்டு வெளியே வாருங்கள்.

தையல் தேவைப்படுவது அரிது. ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

காலில் அட்டை கடித்த தழும்பு, தேயிலை வாது கிழித்த கீறல், சொறி, வீக்கம், பழைய தீக்காயம் எது இருந்தாலும் முன்கூட்டியே காட்டுங்கள். அந்த இடங்களில் நரம்பு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் கணுக்காலில் தழும்பில்லாத ஒரு விரல் அகலத் தோலைத் தேட வேண்டித்தான் இருக்கும். ஒரு காலில் இல்லையென்றால் மற்றக் காலில், அதே உயரத்தில் எடுக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சீனி உண்டு, தினமும் அஸ்பிரின் குடிக்கிறார். புண் ஆறுமா என்று பயமாக இருக்கிறது. எப்போது வேலைக்குப் போகலாம்?
வாசகர், ஹட்டன்

தம்பி, பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் சில விடயங்களைச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. அஸ்பிரினை இதற்காக நிறுத்துவது வழக்கமில்லை. நீங்களாக நிறுத்தவே வேண்டாம், சில நிமிடம் கூடுதலாக அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடும். இரத்தம் உறையாமலிருக்க வோர்ஃபரின் குடிப்பவர், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையில் கடைசியாக வந்த அளவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். லிக்னோகெயின் ஒவ்வாமை, காயம் ஆறினால் தழும்பு தடித்து வளரும் தன்மை இரண்டையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பாதத்துக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவாக இருந்தாலோ, காலில் ஆறாத புண் இருந்தாலோ கணுக்காலில் எடுப்பதைப் பற்றி டொக்டர் இரண்டு முறை யோசிப்பார். அது நியாயமான தயக்கம்.

முதல் 24 மணிநேரம் நனையக் கூடாது. பிறகு சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, புதுப் பிளாஸ்டர் ஒட்டலாம். கோப்பித் தூள், மஞ்சள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் பொருக்கு விழும். நம் தோல் நிறத்தில் சில மாதங்களுக்குக் கருத்த புள்ளி ஒன்று தெரியும், பிறகு மங்கும். கிருமித்தொற்று, நிற்காத இரத்தம் போன்ற சிக்கல்கள் ஆயிரம் பேரில் இரண்டு பேர் அளவுக்கே ஏற்படுகின்றன. சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் தோட்ட டிஸ்பென்சரியிலாவது அன்றே காட்டுங்கள்.

வீட்டு வேலையை அன்றே செய்யலாம். மலைக்கு ஏறுவது என்றால் புண் மூடும்வரை பொறுப்பது நல்லது. மழைக்காலத்தில் ரப்பர் பூட்ஸுக்குள் ஈரக் காலுறையோடு எட்டு மணிநேரம் நின்றால் எந்தப் பிளாஸ்டரும் தாங்காது; இரத்த வாடைக்கு அட்டையும் வரும். டொக்டரிடம் ஒரு வார லீவுத் துண்டு கேட்பதில் வெட்கம் எதற்கு?

கேள்வி: நான் வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். எங்களிடம் எந்தத் தோல் பயொப்சியும் போர்மலினில்தான் போகும். இதற்கு மட்டும் வேறு திரவம் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?
வாசகி, பதுளை

இந்தச் சோதனை வீணாகும் இடமே இதுதான். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

புற்றுநோய், சொறி, தொழுநோய் ஆகியவற்றைப் பார்க்க எடுக்கும் தோல் போர்மலினில் போகிறது. பிறகு மெழுகில் ஊன்றி 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவப்படுகிறது. கலங்களின் வடிவம் பார்க்க அது போதும். மேல்தோலுக்குள் ஏறும் நரம்பு நுனியோ வளைந்து நெளிந்து ஓடுகிறது. இவ்வளவு மெல்லிய சீவலில் ஒரே இழை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகளாகத் தெரியும். போர்மலின் அந்த இழையை மேலும் துண்டுதுண்டாகக் காட்டும். இருக்கிற நரம்பும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

ஆகவே இதற்கு 2 சதவீதப் பரஃபோமல்டிஹைட்டோடு லைசினும் பெரயோடேற்றும் கலந்த திரவம், அல்லது ஸம்போனி திரவம் வேண்டும். துண்டு அதில் 4 பாகை செல்சியஸில், அதாவது சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், ஏறத்தாழ ஒரு நாள் இருக்கும். ஃப்ரீஸருக்குள் வைத்தால் ஐஸ் கட்டிகள் திசுவைக் கிழித்துவிடும். ஒரு நாளுக்கு மேல் அதே திரவத்தில் ஊறவிடுவதும் நல்லதல்ல. கழுவி, குளிர்காப்புக் கரைசலுக்கு மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகும் பார்சல் திங்கள்வரை மேசையில் கிடந்தால் அந்தத் துண்டு போனதுபோலத்தான். திங்கள், செவ்வாய்களில் எடுப்பது பாதுகாப்பு.

ஆய்வுகூடத்தில் 50 மைக்ரோமீற்றர் தடிப்பில், மேற்பரப்புக்குச் செங்குத்தாகச் சீவுவார்கள். பிறகு பி.ஜி.பி. 9.5 என்ற புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரியால் நிறமூட்டுவார்கள். அந்தப் புரதம் எல்லா நரம்பிழைகளிலும் இருப்பதால் அவை மட்டும் கோடுகளாக எழுந்து நிற்கும். குறைந்தது மூன்று சீவல்களில், மேல்தோலுக்கும் உட்தோலுக்கும் இடையிலுள்ள எல்லைச் சவ்வைத் தாண்டி மேலே போகும் இழைகளை எண்ணுவார்கள். தாண்டிய பிறகு இரண்டாகக் கிளைத்தால் ஒன்று. தாண்டும் முன்பே கிளைத்து இரண்டாகத் தாண்டினால் இரண்டு. எல்லையைத் தொடாமல் மேல்தோலுக்குள் மட்டும் தெரியும் துணுக்கு கணக்கில் இல்லை. எண்ணிக்கையை மேல்தோலின் நீளத்தால் வகுத்து, மில்லிமீற்றருக்கு இத்தனை இழை என்று எழுதுவார்கள்.

போத்தலைத் திறக்கும் முன்பே ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுங்கள். பி.ஜி.பி. 9.5 நிறமூட்டி எண்ணித் தருவார்களா, எந்தத் திரவம், யார் அனுப்பித்தருவது, எத்தனை மணிநேரத்துக்குள் சேர வேண்டும் என்ற நாலையும் கேளுங்கள். “தோல் பயொப்சி செய்வோம்” என்ற பதிலை மட்டும் நம்பி எடுத்தால், “தோல் சாதாரணம்” என்று ஒரு வரி ரிப்போர்ட் வரும். நரம்பைப் பற்றி அதில் எதுவும் இருக்காது.

தொழுநோயை இங்கே சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. நிறம் வெளிறிய, உணர்ச்சி குறைந்த படை, தடித்த நரம்பு இரண்டில் ஒன்று இருந்தாலும் முதல் சந்தேகம் அதுவாகவே இருக்க வேண்டும். அதற்குப் படையிலிருந்தே தோல் எடுக்க வேண்டும், போர்மலினில்தான் போட வேண்டும்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் கணுக்கால் 4.1 என்று இருக்கிறது. வயது 34. அதே ஆய்வுகூடத்தில் என் மாமாவுக்கும் 4.1 வந்தது, அவருக்கு ஒன்றுமில்லை என்றார்கள், எனக்கு மட்டும் குறைவு என்கிறார்கள். இது எப்படி?
வாசகி, கம்பளை

இரண்டும் சரியாக இருக்கலாம். வயது ஏற ஏற இழைகள் இயல்பாகவே குறைகின்றன, பெண்களுக்கு ஆண்களை விட அதிகம் இருக்கும். பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து 2010இல் வெளியிட்ட அட்டவணையில், சுகதேகிகளில் மிகக் குறைந்த 5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடு, இருபதுகளில் உள்ள பெண்ணுக்கு 8.4, ஆணுக்கு 6.1. ஐம்பதுகளில் அது பெண்ணுக்கு 4.3, ஆணுக்கு 3.5. முப்பதுகளில் உள்ள பெண்ணுக்கு 4.1 தெளிவான குறைவு. மாமா ஐம்பதைத் தாண்டியவர் என்றால் அவருக்கு அது கோட்டுக்கு மேலே. வயதையும் ஆண், பெண் வித்தியாசத்தையும் பார்க்காமல் ஒரே எண்ணை எல்லோருக்கும் எல்லையாகப் போட்ட ரிப்போர்ட் வந்தால் திருப்பிக் கேளுங்கள். அட்டவணை நிறமூட்டும் முறையைப் பொறுத்தும் மாறும். ஒளிரும் சாயத்தால் எண்ணினால் இலக்கம் கூடுதலாக வரும்.

தொடை இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கணுக்காலில் குறைந்து தொடையில் சரியாக இருந்தால் நோய் நுனியிலிருந்து ஏறுகிறது. சீனி வருத்தத்தில் பார்ப்பது இந்த ஒழுங்கு. தொடையிலும் அதே அளவு குறைந்தால், நரம்புக்கலங்களே தாக்கப்படும் வகை நோய்களையும், குறிப்பாகக் கண்ணும் வாயும் வரளும் ஷோக்ரன் நோயையும் தேட வேண்டும்.

சுகமான எண் வந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இழைகள் எண்ணிக்கையில் இருந்துகொண்டே பிழையாக வேலை செய்யலாம். ஆகவே மூன்று விடயங்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும் என்பது 2008 முதல் பரவலாகப் பயன்படும் அளவுகோல்: காலைச் சோதிக்கும்போது தெரியும் அறிகுறி, சூடு-குளிர் உணர்வை அளக்கும் கருவிச் சோதனை, தோல் எண்ணிக்கை. இலக்கம் குறைவாக வந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு மருந்து கொடுப்பதும் பிழை.

கேள்வி: பயொப்சி செய்தால் காரணம் தெரியுமா?
வாசகர், மஸ்கெலியா

பெரும்பாலும் தெரியாது. நரம்பு குறைந்திருக்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. காரணத்தை இரத்தத்தில் தேட வேண்டும், அதைப் பயொப்சிக்கு முன்பே செய்யலாம், செலவும் குறைவு. வெறும் வயிற்றுச் சீனி மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணிநேரத்தில் பார்க்கும்போது 140 முதல் 199 வரை வந்தால் அது சீனி வருத்தத்துக்கு முந்திய நிலை, அதுவே பாதத்தை எரிக்கக்கூடும். அத்துடன் தைரொயிட், சிறுநீரகம், விற்றமின் பி12, தேவைப்பட்டால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி., ஷோக்ரன் பிறபொருளெதிரிகள். நீண்டகாலம் மெட்ஃபோமின் குடிப்பவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையும். பி12 உள்ள சிவப்பு ஊசியைப் போட்டுவிட்டுப் பி12 அளந்தால் பதில் பொய்யாகும், முதலில் இரத்தம் கொடுங்கள். காசநோய்க்கு ஐசோநியசிட் குடிப்பவர் பி6 சேர்த்துக் குடிக்க வேண்டும். அதே பி6 மாத்திரையை மாதக்கணக்கில் அதிக அளவில் விழுங்கினால் அதுவும் நரம்பைக் கெடுக்கும். “நரம்புக்கு நல்லது” என்று பார்மசியில் தருவதை இஷ்டத்துக்குத் தொடர வேண்டாம். மது குடிப்பதை டொக்டரிடம் மறைத்தால் மற்ற எல்லாச் சோதனையும் காசுக்கு நட்டம். இத்தனையும் பார்த்தும் காரணம் பிடிபடாதவர்கள் நிறையவே உண்டு.

கேள்வி: குளிருக்கு அடுப்படியில் காலை நீட்டினால் எரிவு கொஞ்சம் தணிகிறது. செய்யலாமா?
வாசகி, நுவரெலியா

வேண்டாம். சூட்டை அறியும் இழைகளே குறைந்திருக்கும்போது சுடுகிறது என்று தெரிவதற்குள் தோல் வெந்துவிடும். சுடுநீர்ப் போத்தலும் அப்படியே. கால் கழுவும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், தடித்த காலுறை போடுங்கள், படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைக்கலாம்.

கேள்வி: அழிந்த நரம்பு திரும்ப வளருமா? மறுபடி தோல் எடுக்க வேண்டுமா?
வாசகர், அப்புத்தளை

காரணம் நீங்கினால் ஓரளவு வளரும், மெதுவாக. சீனிக்கு முந்திய நிலையில் இருந்தவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் கொடுத்து ஒரு வருடம் கழித்துத் தோல் எடுத்துப் பார்த்தபோது இழைகள் கூடியிருந்ததாக 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மறு பயொப்சி எல்லோருக்கும் தேவையில்லை. எடுத்தால் பழைய தழும்பின் மீது எடுக்காமல் அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில் எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட் வரும்வரை வலியோடு காத்திருக்கவும் வேண்டாம். பரசிட்டமோல் இந்த எரிவுக்குப் பெரிதாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் தொடங்குவது வழக்கம். கபபென்டின், பிரிகபலின், டுலொக்ஸட்டின் மற்றத் தெரிவுகள். எதையும் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுவார்கள், ஆகவே மூன்றாம் நாளே கேட்கவில்லை என்று நிறுத்தாதீர்கள். அமிட்ரிப்டிலின் வாயை வரளச் செய்யும், தூக்கம் தரும். சிறுநீர் தடைப்படும் முதியவர்களும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் அதைக் குடிக்கும் முன் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளால் பயொப்சி எண்ணிக்கை மாறாது, எடுக்கும் நாளன்றும் வழமைபோல் குடிக்கலாம்.